மத்தியானச் சோற்று வட்டம்

ஆவணி 2, திங்கள்

கோமுவை அவள் சேக்காளிகள் சேர்த்துக்கொள்வதில்லை. போன வியாழக்கிழமையிலிருந்து பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாளாம். என் வீட்டுக்காரி செண்பகம் இன்றைக்குத்தான் என்னிடம் சொன்னாள்.

ஆறாம் வகுப்பில் ஐந்து பிள்ளைகள் ஒரு செட்டு. மத்தியான மணி அடித்ததும் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்காருவார்கள். டப்பாவைத் திறந்தால் முதல் கவளத்தைத் தான் தின்னக் கூடாது. வலப்பக்கம் இருப்பவள் டப்பாவில் வைக்க வேண்டும். இடப்பக்கம் இருப்பவளின் கவளம் நமக்கு வரும். அது ஒரு சுற்று சுற்றி முடிந்த பிறகுதான் சாப்பாடு. பெரியவர்கள் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவர்களே வைத்துக்கொண்ட சட்டம். இப்போது நாலு பேரோடு சுற்றை முடித்துக்கொள்கிறார்கள். கோமு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் படியில் இருந்து தின்கிறாள். தின்கிறாளோ என்னவோ, டப்பாவில் பாதி அப்படியே திரும்பி வருகிறது.

கூப்பிட்டுக் கேட்டேன்.

"என்னட்டி, சேக்காளிகளோட சண்டையா?"

"இல்லப்பா."

"பின்ன?"

"ஒண்ணுமில்லப்பா. அவளுவ அவளுவ வேலையப் பாக்காளுவ."

பதினொரு வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சா இது.

ஓடிக்கொண்டிருந்த சரக்கு திடீரென்று நின்றால் சரக்கைச் சந்தேகப்படக் கூடாது, எதிர்க்கடையை எட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் வழி. போன மாதம் கார் வாங்கினோம். கோமு அதில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். பொறாமையாகத்தான் இருக்கும்.

களக்காட்டு லோடில் பாதி இலை காற்றில் கிழிந்து வந்தது. மற்ற மண்டிகளுக்கு இதைவிட மோசம். ஆவணி முகூர்த்தம் பூராவும் இப்படியே இருந்தால் திருநெல்வேலியில் நல்ல வாழையிலைக்கு என் வாசலில்தான் நிற்பார்கள்.


ஆவணி 3, செவ்வாய்

கோமுவுக்குக் காலையில் தலைவலி. பள்ளிக்கூடம் வேண்டாம் என்கிறாள் என்று செண்பகம் மண்டிக்குப் போன் பண்ணினாள். போகச் சொன்னேன். போனாள்.


ஆவணி 4, புதன்

விடியுமுன் மண்டிக்குப் போனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் நான் பிள்ளை முகம் பார்ப்பது. அந்த அரை மணி நேரத்தை வீணாக்கமாட்டேன். அன்றைக்கு மண்டிக்கு வந்த ஆட்களை அப்படியே பேசிக்காட்டுவேன். மூக்கால் பேசுகிற புரோக்கர், எதை எடுத்தாலும் "அப்படிப் பாத்தாக்க" என்று ஆரம்பிக்கிற மண்டப மேனேஜர், எல்லாரும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்து போவார்கள். செண்பகம் சிரித்துவிட்டு, "பாவம், விடுங்க" என்பாள். கோமுவுக்குப் புரையேறும். "எப்பா, இன்னொருக்க, இன்னொருக்க" என்பாள்.

இன்றைக்குப் பிள்ளை முகம் வாடியிருந்ததால் வலியவே ஆரம்பித்தேன். புரோக்கருக்கு லேசாகச் சிரித்தாள். சரி, வழக்கமாக எடுபடுவதை எடுப்போம் என்று சமையல் கான்ட்ராக்ட் கொம்பையாவுக்குப் போனேன். கொம்பையாவுக்குத் திக்குவாய். என் மேஜை முன்னால் நின்று தலையைத் தலையை ஆட்டி "நு... நு... நு..." என்று நுனி இலை கேட்டு முடிப்பதற்குள் நான் ஒரு கட்டே கட்டி முடித்துவிடலாம்.

கோமு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பாதிச் சோறு அப்படியே கிடந்தது.

"வயிறு சரியில்லையோ என்னவோ" என்றாள் செண்பகம். ஓமத் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன்.


ஆவணி 5, வியாழன்

இரண்டு கிலோ அல்வா வாங்கி வகுப்புக்கே கொடுக்கச் சொல்லி அனுப்பினேன். பிறந்த நாளா என்று கேட்டால் சும்மா என்று சொல்லச் சொன்னேன். புதுக் கடை திறந்தால் முதல் நாள் எல்லாருக்கும் இனிப்புக் கொடுப்பதில்லையா, அந்த மாதிரி.


ஆவணி 6, வெள்ளி

நேற்றுக் கேட்க நேரமில்லை, மண்டியில் அவ்வளவு கூட்டம். இன்றைக்குக் கேட்டேன்.

"அல்வா குடுத்தியா?"

"குடுத்தேன்."

"தின்னாளுவளா?"

"ம். நல்லாருக்குன்னாளுவ."

"பொறவு?"

"கை கழுவப் போனாளுவ. திரும்ப நான் இருந்த பக்கம் வரல."

மண்டியில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கட்டுத் தூக்குகிற மாடசாமிக்கு இதுபோதும். "பெரிய பெரிய ஆளுவளுக்கு அல்வா குடுத்த அண்ணாச்சி, கடைசில சொந்தப் பிள்ளைக்கே குடுத்துட்டியளா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் என்னை மாதிரி நடந்துகாட்டியதற்கும் சிரித்தார்கள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு, அண்டர்வேர் பையைத் தடவிக்கொண்டு. நான் அப்படி நடப்பதில்லை.


ஆவணி 8, ஞாயிறு

செண்பகம் கோமுவுக்குத் தலைசீவும்போது கொஞ்சம் கறந்திருக்கிறாள். அந்தச் செட்டுக்குத் தலைவி இலக்கியா என்ற பிள்ளை. அவள் விலகினதால்தான் மற்ற மூன்று பேரும் விலகினார்கள். ரிஃபானாவும் ஜெசிந்தாவும் சுபிக்ஷாவும் அவள் முகத்தைப் பார்த்து நடக்கிற பிள்ளைகள்.

"யாரு பிள்ள அது?" என்றேன்.

"உங்க கொம்பையா மவதான்."

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அல்வாச் செலவு மிச்சம். கொம்பையா என் ஆள். வருஷம் பூராவும் என்னிடம் இலை எடுக்கிறவர். ஒரு வார்த்தையில் முடிகிற காரியம்.

"நீங்க ஒண்ணும் பேசவேண்டாம்" என்றாள் செண்பகம். ஏன் என்றால் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. "சின்னப் பிள்ளைக விசயம்" என்று மட்டும் சொன்னாள்.

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. வாஷர் மாற்ற வேண்டும்.


ஆவணி 10, செவ்வாய்

நாளைக்குப் பிள்ளையார் சதுர்த்தி. அடுத்த இரண்டு நாளும் முகூர்த்தம். மண்டியில் நிற்க இடமில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பாதிதான் கொடுத்தேன், அதற்கே கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கொம்பையா கடைசியாக வந்தார்.

"வாரும்வே. எவ்வளவு?"

"ஐ... ஐநூறு அண்ணாச்சி. நு... நு..."

"நுனி இல. இன்னைக்கு ஊர்ல அது யாருட்ட இருக்கு, சொல்லும் பாப்போம்?"

"உ... உங்கட்டதான்."

"முழுசாத் தாரேன். நேத்து வெலதான். ஆனா எனக்கு நீரு ஒரு காரியம் செய்யணும்."

"சொ... சொல்லுங்க."

"உம்ம மவ எம்மவகூடப் பேசமாட்டேங்கா. சேத்துக்கிடச் சொல்லும். வியாழக்கிழம பள்ளிக்கூடம் தொறக்கும்லா, அன்னைக்கே."

கொம்பையா வழக்கமாக என் மேஜையைப் பார்த்துத்தான் பேசுவார். இப்போது என் முகத்தைப் பார்த்தார்.

"ஒ... ஒங்க பிள்ள ஒ... ஒண்ணும் சொல்லலியா?"

"என்ன சொல்லணும்?"

பின்னால் இருந்தவர்கள் முண்டினார்கள். "ஒ... ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றார். மகளிடம் சொல்வதாகத் தலையாட்டினார். ஆட்டோவில் முதல் லோடாக அவருடையதை ஏற்றச் சொன்னேன்.

கொடுத்ததுக்கு வாங்கியாகிவிட்டது. யாருக்கும் நட்டமில்லை.


ஆவணி 12, வியாழன்

நான் வீட்டுக்கு வருவதற்குள்ளேயே கோமு வாசலுக்கு வந்துவிட்டாள். காரை நிறுத்தக்கூட விடவில்லை.

"எப்பா, இலக்கியா என்னியக் கூப்பிட்டா! அவளே குழாய்கிட்ட வந்து கூப்பிட்டா! 'வா, வட்டத்துல வந்து இரி'ன்னா."

"அப்படியா?"

"அவ பக்கத்துலதாம்ப்பா இருந்தேன். அவ கவளம் எனக்கு. வெண்பொங்கல். என் கவளம் ரிஃபானாவுக்கு. அம்மா, நாளைக்கு நல்லதா எதாவது வச்சிவிடும்மா, ரிஃபானாவுக்கு உருளைக்கிழங்குன்னா உசிரு."

ராத்திரி மூன்று தோசை தின்றாள். நான் செண்பகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. சைக்கிளில் இலைக்கட்டை வைத்து ஓட்டல் ஓட்டலாகப் போட்டவன். மண்டியில் எனக்கு ஒரு மேஜை வருவதற்கு யாரும் கைகொடுத்ததில்லை. நான் கற்றது ஒன்றுதான், யாருக்கு எது வேண்டும் என்று பார்ப்பது, அது என்னிடம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. இந்த டீச்சர்கள், டிவியில் பிள்ளை வளர்ப்பு சொல்லித் தருகிற டாக்டர்கள் எல்லாரும் மாதக்கணக்கில் பேசுகிற விஷயத்தை ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இலை எண்ணுகிற இடைவெளியில் முடித்தேன்.


ஆவணி 13, வெள்ளி

உருளைக்கிழங்கு பொடிமாஸ் போனது. ரிஃபானா விரலை நக்கினாளாம்.


ஆவணி 16, திங்கள்

கோமு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். செண்பகம் தட்டிப் பார்த்தாள், நான் தட்டிப் பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் தானே வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். மேஜைக்கு வந்து உட்காரவில்லை, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்பா, இலக்கியாவ எனக்கு வெலைக்கு வாங்கிக் குடுத்தியளா?"

"யாரு சொன்னா அப்படி?"

"வாங்கிக் குடுத்தியளா இல்லையா?"

"சேக்காளிகளுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லி..."

"எலைக்கா?"

நடந்தது இது. இன்றைக்கு வட்டத்தில் இலக்கியா கவளம் வைத்தபோது ரிஃபானா சும்மா கேட்டாளாம், இவகூட எதுவரைக்கும் பேசுவ என்று. "முகூர்த்தம் முடியிற வரைக்கும். எங்கப்பாவுக்கு எல வேணும்லா" என்றிருக்கிறாள் இலக்கியா. கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாளாம். கோமு கையில் கவளம் இருந்திருக்கிறது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டாளாம்.

"முன்னாடி தனியா இருந்தப்ப எனக்கு இப்படி இல்லப்பா" என்றாள்.

சோறு ஆறுகிறது என்றேன்.


ஆவணி 17, செவ்வாய்

பள்ளிக்கூடம் போகவில்லை. செண்பகமும் வற்புறுத்தவில்லை.

வாஷர் மாற்றினேன். இன்னும் ஒழுகுகிறது.


ஆவணி 18, புதன்

இன்றும் போகவில்லை. பாளையங்கோட்டையில் வேறு பள்ளிக்கூடத்தில் விசாரித்தேன். நடுவருஷத்திலும் சேர்த்துக்கொள்வார்களாம். கட்டடம் புதுசு, நீச்சல் குளம் இருக்கிறது. ஒரு வாசல் அடைத்தால் அடுத்த வாசலில் கடை போடுகிறதுதானே. வந்து கோமுவிடம் சொன்னேன். நீச்சல் குளத்தையும் சொன்னேன்.

"அங்கயும் பிள்ளைகளுக்கு அப்பா இருப்பாவல்லாப்பா" என்றாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.


ஆவணி 19, வியாழன்

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பு டீச்சர் பெயர் லூர்து. என்னை மரப் பெஞ்சில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்.

சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் பாடம் நடத்தவில்லையாம். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்து காட்டச் சொல்லியிருக்கிறார். ஒருத்தி பாடினாள், ஒருத்தி ஆடினாள். கோமு முன்னால் வந்து நின்று, "எங்கப்பா மண்டி" என்று சொல்லிவிட்டு, மூக்கால் பேசிக்காட்டினாளாம். வகுப்பு சிரித்ததாம். அப்புறம் தலையை ஆட்டி, "அ... அ... அண்ணாச்சி, நு... நு..." என்று.

"ரொம்ப நல்லாப் பண்ணினா சார். அந்தக் கை, அந்த நிப்பு, எல்லாம். பொய் சொல்லக் கூடாது, நானும் சிரிச்சிட்டேன். ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு இலக்கியா அப்பாதான் சமைச்சாங்க, பிள்ளைங்க எல்லாருக்கும் அவர் பேச்சு தெரியும். பாதிப் பேரு இலக்கியா பக்கம் திரும்பிப் பாத்துச் சிரிச்சாங்க. அப்பத்தான் எனக்கு உறைச்சுது."

"கோமுவுக்குத் தெரியாமப் பண்ணிருப்பா" என்றேன்.

"அவளுக்கு அது இலக்கியா அப்பான்னே தோணல சார். வீட்ல வர்ற ஒரு ஆளு மாதிரிதான் நெனச்சிருக்கா. இலக்கியா அழுததும் அவளும் அழுதா. ஸாரி சொல்ல வச்சேன். சொல்லிட்டா. ஆனா ஸாரியால எல்லாம் சரியாயிருதா?" பிறகு என் பக்கம் திரும்பி, "இது எங்க பாத்துப் படிச்சா சார்?" என்றார்.

"மண்டிப் பக்கம் வரும்போது பாத்திருப்பா. பிள்ளைக எங்கன எதப் பாக்கும்னு நமக்கு என்ன தெரியுது" என்றேன்.

கோமு மண்டிக்கு வந்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் ஆயுத பூஜைக்கு. அன்றைக்கு வியாபாரம் கிடையாது, கொம்பையா வருவதும் கிடையாது.


ஆவணி 20, வெள்ளி

செண்பகத்திடம் டீச்சர் சொன்னதைச் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்பத்திலருந்து?"

"நீங்க கொம்பையாகிட்டப் பேசப் போறேன்னு சொன்னதுக்கு மறுநாளு அவளே சொன்னா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவ சொல்லக்கூடாதுன்னுட்டா. சத்தியம் வாங்கிட்டா. சொன்னா, அப்பா அப்புறம் பேசிக்காட்டமாட்டாவ, வந்ததும் தின்னுட்டுப் படுத்துருவாவன்னு அழுதா."

ஒரு சட்டையை மடிக்க எவ்வளவு நேரம் ஆகும். அவள் அதையே திரும்பத் திரும்ப மடித்தாள்.

"உங்கள மட்டும் சொல்லல. நானும்தான அங்கன இருந்து சிரிச்சேன்" என்றாள். பிறகு, "உங்களுக்கு யாரு சேக்காளி இருக்கா சொல்லுங்க" என்று கேட்டாள். அவள் எதற்கு அதைக் கேட்டாள் என்று தெரியவில்லை. மண்டியில் நூறு பேர் எனக்கு வணக்கம் சொல்கிறார்கள். மாடசாமி இருக்கிறான், ஆனால் அவனுக்குக் கூலி கொடுப்பது நான். வேறு யார் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது லாரிக்காரன் போன் வந்துவிட்டது.


ஆவணி 21, சனி

கொம்பையா இந்த வாரம் வரவில்லை. டவுனுக்கு அந்தப் பக்கம் இன்னொரு மண்டியில் எடுத்துக்கொண்டு போவதாக மாடசாமி சொன்னான்.

"கிழிஞ்ச எலையால்லா இருக்கும் அங்க" என்றேன்.

"கிழிஞ்ச எலதான் அண்ணாச்சி. பாத்துப் பாத்துப் பொறுக்கிக்கிட்டு இருந்தாவ."

மாடசாமி வேறொன்றும் சொல்லவில்லை. அவன் வாய் சும்மா இருப்பது புதுசு.

சாப்பாட்டு மேஜையில் நான் யாரையும் பேசிக்காட்டவில்லை. "நாளைக்குக் கொம்பையாவப் பாக்கப் போறேன்" என்றேன். கோமு நிமிர்ந்து பார்த்து, "எதுவும் குடுக்கக்கூடாது" என்றாள். "எலை, அல்வா, ஒண்ணும்."

"சரி."

"நானும் வாரேன்."


ஆவணி 22, ஞாயிறு

வண்ணார்பேட்டையில் ஒரு மண்டபத்தில் கொம்பையாவுக்குச் சமையல். கையை வீசிக்கொண்டு போனோம். எங்கேயும் அப்படிப் போய்ப் பழக்கமில்லை எனக்கு, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சமையல் கட்டு மண்டபத்துக்குப் பின்னால், தகரக் கொட்டகை. வாசலில் நிற்கும்போதே உள்ளே ஒரு குரல் கேட்டது. "ஏலே, அந்தச் சாம்பார் அண்டாவ எறக்கு! பருப்பு அடி பிடிச்சா உன் தோல உரிச்சுருவேன்! தேங்கா திருவியாச்சா, இல்ல மாப்பிள்ள வந்து திருவணுமா?" மழை கொட்டுகிற மாதிரிப் பேச்சு. மேஸ்திரி யாரோ என்று நினைத்தேன். உள்ளே போனால் கொம்பையா. கரண்டியைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து, அடுப்புக்கு அடுப்பு நடந்துகொண்டிருந்தார். திக்கலே இல்லை. ஒரு சொல்லில்கூட இல்லை.

அதைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். இத்தனை வருஷமாக அவருக்குத் திக்குவாய் என்று நினைத்திருந்தேன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

இலக்கியா ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். கோமுவைப் பார்த்ததும் குனிந்துகொண்டாள்.

கொம்பையா என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார். "வா... வாங்க அண்ணாச்சி" என்றார்.

"கொம்பையா, வீட்டுல நான் உம்ம மாதிரிப் பேசிக்காட்டுவேன். அதக் கேட்டுத்தான் எம்பிள்ள பள்ளிக்கூடத்துல பண்ணிட்டா. தப்பு அவளதில்ல. மன்னிச்சிக்கிடும்."

வேலை செய்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். கொம்பையா கையைத் துண்டில் துடைத்தார். பேசினபோது திக்கவில்லை.

"ஒருக்கப் பண்ணும்" என்றார்.

"என்னது?"

"என்ன மாதிரி. ஊரு பூரா கேட்டிருக்கு, உம்ம வீடு கேட்டிருக்கு, எம்மவ வகுப்பு கேட்டிருக்கு. நான் கேட்டதில்ல."

"வேண்டாம்வே."

"மன்னிக்கணும்னு சொன்னீரு. எதுக்குன்னு நானும் தெரிஞ்சுக்கிட வேண்டாமா?"

கோமு என் கையைப் பிடித்திருந்தாள். விட்டுவிட்டாள்.

செய்தேன். அண்ணாச்சி, நுனி இலை, ஐநூறு. தலையை ஆட்டி, கையைப் பிசைந்து, முழுசாகச் செய்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

கொம்பையா உப்புப் பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "இம்புட்டுத்தானா?" என்றார். "இதுக்கா எம்பிள்ள ஒரு வாரம் ஒழுங்காத் திங்கல." பிறகு திரும்பி, "ஏலே, என்ன வேடிக்க? அடுப்பப் பாரு" என்று கத்தினார்.

பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். கோமு சாக்கில் போய் இலக்கியாவுக்கு எதிரே உட்கார்ந்து அவரைக்காய் எடுத்துவிட்டாள். நான் கிட்டே போகப் போனேன். "நீரு இங்கன நில்லும்" என்றார் கொம்பையா. நின்றேன்.

இரண்டு பேரும் அரைப் பாத்திரம் காய் உரித்தார்கள். பிறகு இலக்கியா குரல்.

"முழு நாரும் வரல. கீழருந்து இழு."

கோமு இழுத்தாள்.

"அன்னைக்கு நீ பண்ணினத நான் வீட்டுல சொல்லல தெரியுமா? ரிஃபானா அண்ணன் வந்து சொல்லிட்டாவ. அன்னைக்குப் பூரா எங்கப்பா பேசவே இல்ல. எங்கிட்டக்கூட. கைய மட்டும் காமிச்சாவ."

கோமு அழுதுகொண்டே காயை உரித்தாள். இலக்கியா அவளைத் தேற்றவில்லை. "நார அந்தத் தட்டுல போடு, தரையில போடாத" என்றாள்.

"இனிமே யாரு மாதிரியும் பேசமாட்டேன்" என்றாள் கோமு.

"அது உன் இஷ்டம். எங்கப்பா மாதிரி மட்டும் கூடாது."

"ம்."

"நான் உன்கூட இப்பமே பேசுவேன்னு நெனைக்காத."

"இல்ல, நெனைக்கல."

"இது எங்கப்பா சொல்லிக்குடுத்து இல்ல. நானாத்தான் சொல்லுதேன், கேட்டுக்கோ."

விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். கோமு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஒன்றுக்கு மட்டும் பேரம் பேசினாள். இலக்கியா முழுப்பரீட்சை வரை என்றாள், கோமு அரைப்பரீட்சை என்று கேட்டாள். இலக்கியா யோசித்து, சரி என்றாள். நானாக இருந்தால் காலாண்டுப் பரீட்சையில் ஆரம்பித்திருப்பேன். வாயைத் திறக்கவில்லை.

எனக்கும் கொம்பையாவுக்கும் முடிந்தது: இலை இனி அன்றைய மண்டி விலைக்கு, வரிசைப்படி. சலுகையும் கிடையாது, முந்தித் தருவதும் கிடையாது. அவர் வரமாட்டார், ஆளை அனுப்புவார். பிள்ளைகளைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கக் கூடாது.

பிள்ளைகளுக்குள் முடிந்தது: நாளையிலிருந்து கோமு வட்டத்தில் உட்காரலாம். இடம், ஜெசிந்தாவுக்கும் ரிஃபானாவுக்கும் நடுவில். அவளுக்குக் கவளம் ஜெசிந்தாவிடமிருந்து வரும், அவள் கவளம் ரிஃபானாவுக்குப் போகும். இலக்கியாவுக்கும் அவளுக்கும் கவளம் கிடையாது, பேச்சு கிடையாது, அரைப்பரீட்சை முடிகிற வரை. அதற்கு அப்புறம் எப்படி என்பதை இலக்கியா சொல்வாள்.